தளவாய் கொண்டுவந்த மண்

கையை எந்தப் பக்கம் நீட்டுவது என்பதுதான் இப்போதைய பிரச்சினை. மேலே போனதும் மதினி கேட்பாள், கேட்காமல் விடுகிற ஆள் இல்லை, எந்த இடத்துல எடுத்தீக கொழுந்தனாரே என்பாள், கேட்டவுடன் ஒரு விரல் நீள வேண்டும், விரலுக்கு நேராக ஓர் இடம் இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய மலையில் இடத்துக்கா பஞ்சம், எதையாவது காட்டிவிட்டுப் பேசாமல் இரு என்று தளவாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தார். தளவாய் என்று பேர் வைத்த புண்ணியவான் என்ன நினைத்து வைத்தாரோ. படை நடத்துகிறவன் பேர். படி ஏற முடியவில்லை. இடது பக்கம் மலைச்சுவர், வலது பக்கம் இரும்புக் கம்பி, கம்பிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததைப் பார்க்கக் கூடாது. கம்பியைப் பார், படியைப் பார், முன்னால் போகிற மதினியின் முதுகைப் பார். பட்டாளத்தில் கொடுத்த பச்சைக் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்க, தலையில் குரங்குக் குல்லா, காலில் புது கேன்வாஸ் செருப்பு, அவள் ஏறுகிற ஏற்றத்தைப் பார்த்தால் அண்ணனை விட்டுவிட்டு இவளைத்தான் சேர்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஐம்பத்தைந்து வயது. இதே மலையில், இது படியில்லாத வெறும் மலையாக இருந்தபோது, மதினி உலகம்மாளின் புருஷனும் தளவாயின் அண்ணனுமான நயினார் சண்டையில் விழுந்தார். முப்பத்தோரு வருஷமாகிறது. உடம்பு கிடைக்கவில்லை. இப்போது நினைவிடத்துக்கு வருஷ விழா என்று செத்தவர்களின் மனைவிமாரை ஆளுக்கொரு துணையோடு அழைத்திருந்தார்கள். துபாயிலிருந்து மதினியின் மகன் வருகிறேன் என்றுதான் சொன்னான். நீ எதுக்குய்யா, வழி தெரிஞ்ச மனுசன் வீட்லயே இருக்காகளே என்று மதினி சொல்லிவிட்டாள்.

வழி தெரிந்த மனுசன். அந்த வார்த்தை மூன்று நாள் ரயிலிலும் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது. தந்தி வந்து, அழுது முடித்து, உடம்பு வராது என்று கடிதமும் வந்த பிறகு ஊர் கூடிப் பேசியது. குண்டுபட்டுச் செத்தவன், வயசுக்கு முன்னால் போனவன், அவனை அப்படியே அலையவிடக் கூடாது, செத்த இடத்துப் பிடிமண் எடுத்து வந்து பீடம் போட்டுக் கும்பிட வேண்டும். யார் போவது? கூடப் பிறந்தவன்தான் போக வேண்டும். இருபத்தாறு வயசுத் தளவாய் மஞ்சள் துணியும் ராணுவம் கொடுத்த அனுமதிச் சீட்டுமாகக் கிளம்பினார். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி அனுப்பினார்கள், செருப்பில்லாமல் நின்று அள்ள வேண்டும், அள்ளியபின் வீடு வந்து சேரும்வரை மண்ணைத் தரையில் வைக்கக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. எல்லாம் செய்தார். அதைத்தான் நினைத்து நினைத்து மாய்கிறது மனசு. ஒன்றைக்கூட விடவில்லை. செருப்பைக் கழற்றினார், அந்தக் குளிரில். மூன்று நாளும் முடிச்சை மடியிலேயே வைத்திருந்தார், கக்கூஸுக்குப் போகும்போதுகூட வேட்டி மடிப்பில் இருந்தது, டிக்கெட் பரிசோதகர் கேட்டபோது வாயைத் திறக்காமல் சீட்டை நீட்டினார், ஒரு பஞ்சாபிக் கிழவர் ஊமை போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டு ரொட்டி கொடுத்தார். கோவில்பட்டியில் இறங்கியபோது மேளத்தோடு ஊரே நின்றது. குலவை போட்டார்கள். எல்லா முறையும் சரியாகச் செய்தவர், மலைக்கு மட்டும் போகவில்லை.

"என்ன கொழுந்தனாரே, அதுக்குள்ள நின்னுட்டீக?" மதினி மேல்படியில் திரும்பி நின்றாள். மூச்சுகூட வாங்கவில்லை. "அன்னைக்கு இந்தப் படியெல்லாம் கிடையாதே. எப்பிடித்தான் ஏறுனீகளோ."

"அன்னைக்கு வயசு இருந்துச்சு மதினி."

"பிடிச்சு ஏறக் கயிறு கியிறு கட்டியிருந்தாகளா?"

"ஆமா, கயிறு கட்டியிருந்தாக," என்றார் தளவாய். கயிறு எங்கிருந்து வந்தது? கேட்டாள், வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷமாக இப்படித்தான், அவள் ஒன்று கேட்பாள், ஒன்று முளைக்கும். பனி இருந்ததா, இருந்தது. பறவை ஏதாவது கண்ணில் பட்டதா, ஒரு காக்கா மாதிரி பட்டது. அந்தக் காக்காய்க்கு அவள் பல வருஷம் சோறு வைத்தாள்.

ரோடு அடைத்திருந்தது. நெடுநாள் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டது இதுதான். ரோடு அடைத்திருந்தது, பாறை விழுந்திருந்தது, யாராக இருந்தாலும் திரும்பித்தான் வந்திருப்பார்கள். அப்புறம் ஒரு பத்து வருஷம் காய்ச்சல் என்று இருந்தது, நூற்றுமூன்று டிகிரி, கண் திறக்க முடியவில்லை, அந்தக் காய்ச்சலின் கசப்பு நாக்கில் இப்போதும் இருப்பதுபோலவே இருக்கும். பொய்க்கு இவ்வளவு ருசி உண்டா. உண்டு. ஆனால் ரோடு திறந்துதான் இருந்தது, உடம்பில் ஒரு கேடும் இல்லை. அடிவாரத்து ஊர் கம்சார். முகாமிலிருந்து விடியற்காலையில் ராணுவ லாரி கிளம்பியது, டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள், காய்கறி ஏற்றுவதற்காகப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் மலைப்பாதை தெரிந்தது, சுவரில் நகத்தால் கீறின மாதிரி ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குக் கீழே பள்ளத்தில் ஒரு லாரி சக்கரம் மேலே பார்க்க மல்லாந்து கிடந்தது. டீ குடிச்சிட்டு வாரேன் என்று சைகை காட்டிவிட்டு இறங்கினார். டீக்கடைக்குப் பின்னால் ஒரு குட்டிச்சுவர். அதில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். ஓ மதராசி, என்று டிரைவர் கூப்பிட்டான். ஹாரன் அடித்தான். மதராசி, ஓ மதராசி. மறுபடியும் ஹாரன். கூப்பிட்டவன் நல்லவன், நெடுநேரம் கூப்பிட்டான். அப்புறம் லாரி போகிற சத்தம். பயம். அவ்வளவுதான். வேறு பேர் எதுவும் அதற்குக் கிடையாது. அண்ணன் ஏறின மலையைப் பார்த்துத் தம்பிக்குத் தொடை நடுங்கியது. பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடி டம்ளர் கழுவி ஊற்றுகிற அந்த இடத்தில், ஈரம் படாத பக்கமாகப் பார்த்து, மூன்று பிடி அள்ளினார். வெளிறின மண், கேப்பை மாவு மாதிரி மெத்தென்று இருந்தது. நேற்று பஸ் அந்த வழியாகத்தான் வந்தது. டீக்கடை இல்லை, குட்டிச்சுவர் இல்லை, இரண்டு மாடியில் ஏதோ கம்பளிக்கடை. கழுத்து வலிக்கிற அளவுக்குத் திரும்பிப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, என்னத்தை அப்பிடிப் பாக்கீக என்று மதினி கேட்டாள். ஒண்ணுமில்ல மதினி, அப்ப இருந்த ஊர் இல்ல இது.

கம்பியில் இருந்த கையை எடுத்து மறுபடி வைத்தார், விரல் மரத்துப் போயிருந்தது. மண் என்ன மண்ணாக இருந்தால் என்ன, நம்பிக்கைதானே சாமி என்று ஊரில் யாரோ எதற்கோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு நாலு படி ஏறினார். ஐந்தாவது படியில் அது கைவிட்டுப் போனது. ஏனென்றால் மதினியின் நெற்றி. பீடத்துக்குள் இரண்டு பிடியைப் போட்டு மேலே கல் நட்டு, பட்டாளத்துச் சாமி என்று பேரும் வைத்தாகிவிட்டது. மிச்சம் ஒரு பிடியை அவள் கேட்டு வாங்கி, தன் குங்குமச் சிமிழைக் கழுவித் துடைத்து அதில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தவள் நெற்றியில் அந்த மண் இருந்தது. பெண்கள் திகைத்துப் போய்ப் பார்த்தார்கள். குங்குமம் வைக்கக் கூடாதுன்னீக, சரி. மண்ணு வைக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னீகளா? யாரும் சொல்லவில்லை. அன்று வைத்தவள் இன்றுவரை ஒரு நாள் விடவில்லை, சிமிழ் குறையக் குறையப் பீடத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நிரப்பிக்கொள்வாள். டம்ளர் கழுவின மண். எச்சில் மண். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று அக்கம்பக்கத்தில் தூக்கிவந்தால் அதைத்தான் பூசிவிட்டாள், தளவாயின் மகளுக்கும் பூசினாள், தட்ட முடியாமல் பக்கத்தில் நின்று பார்த்தார். சாயங்காலம் பீடத்தின் முன்னால் உட்கார்ந்து பேசுவாள். உங்க மகன் பத்தாவது தேறிட்டான். தெக்குச் சுவரு சாஞ்சிருச்சு, கட்டணும். புருஷன் உயிரோடிருக்கிற பெண்கள்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். கொடை விழாவன்று மேளம் உச்சத்துக்குப் போகும்போது ஊரே தளவாயின் முகத்தைப் பார்க்கும், மண் எடுத்தவன் மேல்தானே சாமி இறங்க வேண்டும். எப்படி இறங்கும்? மண் எடுத்தவன் இன்னும் டீக்கடைக்குப் பின்னால் அல்லவா நின்றுகொண்டிருக்கிறான். ஆனால் ஒரு வருஷம் இறங்கியது. அதுதான் இன்றுவரை புரியவில்லை. கால் நடுங்கி, பல் கிட்டி, அவர் வாயிலிருந்து, அவருக்கே தெரியாமல், மேலே வாடா, மேலே வாடா என்று ஒரு சத்தம் வந்ததாகச் சொன்னார்கள். மதினி அதைக் கேட்டு அழுதாளாம். வந்தது அண்ணனா, தன் பயமா, அந்த டிரைவரா. சாமிக்கும் பயத்துக்கும் நடுக்கம் ஒன்றுதான் போலிருக்கிறது.

"மெதுவா வாங்க சார். இங்க காத்து கம்மி, ஒக்காந்து எழுந்துதான் ஏறணும்." கூட்டிப்போக வந்த சுபேதார் ஏழுமலை பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், நல்ல உயரம், இந்தப் பகுதியில் தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவருக்கு வாய் ஓயவில்லை. "மேல பூச்செடி வச்சிருக்கோம் பாருங்க, என் பொறுப்புதான். லேசுப்பட்ட வேலையில்ல. இந்த மலையில மண்ணே கெடையாது சார்."

"மண்ணு கிடையாதா?"

"ஏது? பூரா ஒடைஞ்ச கருங்கல்லு. கையில அள்ளுனா ஜல்லிதான் வரும். செடி வைக்கணும்னு கீழ கம்சார்லேர்ந்து லாரில மண்ணு கொண்டாந்து கொட்டுனோம்."

தளவாய் முன்னால் பார்த்தார். மதினி இருபது படி மேலே இருந்தாள், குல்லா காதை மூடியிருந்தது, காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. கேட்டிருக்க முடியாது. மண்ணே கிடையாத மலையிலிருந்து மாவு மாதிரி மண் கொண்டுவந்த மகாராசன் என்று ஒரு கணம் உச்சந்தலைவரை வேர்த்தது. அடுத்த கணம் வேறு ஒன்று புரிந்து, வேர்வை அப்படியே குளிர்ந்தது. கம்சார் மண் மேலே இருக்கிறது. லாரியில் ஏறி, அவர் ஏறாத லாரியில் ஏறி, அதுவே வந்து காத்துக்கொண்டிருக்கிறது. பூச்செடிப் பாத்தியைக் காட்டினால் போதும், இங்கதான் மதினி, இப்ப செடி வச்சிருக்காக. அவள் தொட்டுப் பார்ப்பாள், அதே நிறம், அதே மெத்து, யாருக்கு என்ன சந்தேகம் வரும்? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. அண்ணனே பார்த்து இரங்கிவிட்டானோ. இரங்கக்கூடியவன்தான். சின்ன வயசில் கிணற்றில் குதிக்கப் பயந்து மேட்டில் நின்ற தம்பியை, இவன் தலை நனைந்திருக்கிறது பாருங்கள், குதித்துவிட்டான் என்று அப்பாவிடம் சொல்லிக் காப்பாற்றியவன். மீதிப் படிகளைத் தளவாய் கொஞ்சம் வேகமாகவே ஏறினார், அந்த வேகம் அவருக்கே வெட்கமாக இருந்தது.

உச்சி ஒரு களம் அளவுக்குத் தட்டையாக இருந்தது. நடுவில் கொடி, ஒரு பழைய பீரங்கி, கறுப்புக் கல் சுவரில் வரிசை வரிசையாகப் பேர்கள். மதினிக்கு அந்த எழுத்து தெரியாது, ஏழுமலை விரல் வைத்துத் தேடி, இதும்மா, என்றார். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அந்த ஒரு வரியை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தடவினாள், பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி. மேலேயிருந்த பேரையும் கீழேயிருந்த பேரையும்கூட ஒரு தடவை தடவினாள். அழவில்லை. இப்போது கேட்பாள். இதோ. தளவாய் பாத்தி இருக்கிற திசையைக் கண்ணால் அளந்து வைத்துக்கொண்டார். கைக்குள் விரல் தயாராக இருந்தது.

"எந்த இடத்துல எடுத்தீக கொழுந்தனாரே?"

விரல் நீண்டது. "அந்தா. இப்ப செடி வச்சிருக்காகளே, அங்க."

அவள் போனாள். மஞ்சள் பூவாக ஏதோ பூத்திருந்த பாத்தியின் முன்னால் கேன்வாஸ் செருப்பைக் கழற்றினாள், கோட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்காலிட்டாள், இடுப்பிலிருந்து சிமிழை எடுத்துத் திறந்தாள். ஒரு சிட்டிகையை இடது உள்ளங்கையில் வைத்து, பாத்தியிலிருந்து ஒரு சிட்டிகையைக் கிள்ளி அதற்குப் பக்கத்தில் வைத்தாள். வெயிலுக்குக் கையைத் தூக்கிப் பார்த்தாள். "அதேதான்," என்றாள். "பாருங்க, அச்சு அசல் அதேதான். தண்ணிகிண்ணி பட்டு மாறியிருக்குமோன்னு நினைச்சேன்." சுவரின் முன்னால் அழாதவள் இங்கே உடைந்தாள். குனிந்து அந்தப் பாத்தியில், லாரியில் வந்த மண்ணில், நெற்றியை வைத்துக்கொண்டு, வந்துட்டேன், வந்துட்டேன் என்றாள். தப்பித்தாயிற்று. இனி சாகும்வரைக்கும் ஒருவரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அண்ணன் இந்தப் பக்கம் இல்லை, வேறு ஏதோ பக்கத்தில் இருக்கிறான், இவள் இவ்வளவு தூரம் வந்தும் பூச்செடிப் பாத்திக்கு முன்னால் விழுந்து கிடக்கிறாள். ஒரு தடவை நான் கீழே நின்றேன், சரி. இவளையும் ஏன் கீழேயே நிறுத்துகிறேன். மதராசி, ஓ மதராசி.

"மதினி," என்றார். "அது மேல எடுத்த மண்ணு இல்ல."

அவள் தலையை நிமிர்த்தினாள். நெற்றியில் மண் கனமாக ஒட்டியிருந்தது. "என்னது?"

"நான் மேல வரவே இல்ல மதினி. பயந்துட்டேன். கீழ பஸ் ஸ்டாண்டுல இறங்கி, டீக்கடைக்குப் பின்னால எடுத்தேன். இந்தச் செடி மண்ணும் கீழயிருந்து வந்ததுதான்."

காற்றில் கொடி படபடவென்று அடித்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"டீக்கடைக்கு," என்றாள் மதினி. பிறகு, "அப்ப இத்தனை வருசமா நான் யார்ட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்?" என்றாள்.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கோட்டுக் கையால் நெற்றியை ஒரே இழுப்பில் துடைத்தாள், கையில் ஒட்டினதைப் பார்த்தாள். சிமிழைப் பாத்தியின்மேல் கவிழ்த்து, அடியில் தட்டித் தட்டி, ஒரு துளி மிச்சம் வைக்காமல் கொட்டினாள். எழுந்தாள். ஏழுமலையிடம் போய், "எங்க வீட்டுக்காரவுக விழுந்தது எந்தப் பக்கமய்யா?" என்று கேட்டாள். ஏழுமலை சங்கிலி போட்டிருந்த ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார், அவரோட செக்‌ஷன் ஏறுனது இந்தச் சரிவு வழியாத்தாம்மா, குண்டு பட்டதும் இதுலதான். கறுப்பாக, செங்குத்தாக, உடைந்த கல்லாகச் சரிந்து போனது, கண்ணுக்கு எட்டியவரை கீழே. தளவாய் அதைப் பார்க்காமல் சங்கிலியைப் பார்த்தார்.

மதினி வெறும் சிமிழை அவரிடம் நீட்டினாள். "இதுல அள்ளிட்டு வாங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

"அங்க போகக் கூடாதும்மா," என்றார் ஏழுமலை. "சரிவு. அதுக்குத்தான் சங்கிலி போட்டிருக்கு."

"அவுக போனாகள்ல."

ஏழுமலை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொடிப் பக்கமாகத் திரும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

செருப்பைக் கழற்றினார் தளவாய். தொடை நடுங்கியது, அதே தொடை, அதே நடுக்கம், முப்பத்தோரு வருஷமாக அது வேறெங்கும் போகாமல் இந்த இடத்தில்தான் அவருக்காக நின்றிருக்கிறது. சங்கிலிக்கு அடியில் நுழைந்து, நிற்க முடியாமல் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பிருஷ்டத்தால் நகர்ந்து ஒரு முழம் இறங்கினார். கல் உருண்டது. உருண்ட கல்லின் சத்தம் எங்கே போய் முடிகிறது என்று காது தேடியது, முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், மூடினால் இன்னும் மோசமாக இருந்தது, திறந்துகொண்டார். கூர் கூரான கல், உள்ளங்கையைக் கிழித்தது, இதை எவனும் நெற்றியில் வைக்க முடியாது. எட்டின இடத்தில் ஒரு பிடி பிடித்தார்.

"மதினி," என்று திரும்பாமலேயே கத்தினார். "இங்கயே அள்ளிருதேன். பாக்கீகளா?"

"பாக்கேன்," என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. "இன்னுங் கொஞ்சம் கீழ போங்க."

தளவாய் போனார்.